ஈயமும் மெழுகும்

போளூருக்குப் போகும்போதெல்லாம் நான் இரண்டு காரியங்களைத் தவறாமல் செய்வது வழக்கம். ஒன்று, சம்பத்கிரி மலைப் படிகளில் பாதி தூரம் ஏறிவிட்டு, மீதிப் படிகளை அடுத்த தடவைக்கு என்று நரசிம்மரிடம் கடன் சொல்லிவிட்டு இறங்கி வருவது. மற்றொன்று, ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் தேன் வாங்குவது. முதல் காரியத்தால் கிடைக்கும் புண்ணியம் பாதிதான் என்றாலும், இரண்டாவது காரியத்தால் கிடைக்கும் தேன் முழுப் புட்டி என்பதில் எனக்குத் திருப்தி உண்டு.

சென்ற முறை எனக்குத் தேன் கொடுத்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு மலைக்காரர். பணத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டபின், இலையில் சுற்றி வைத்திருந்த மஞ்சள் நிறக் கட்டி ஒன்றையும் எடுத்து நீட்டினார். தேன் பிழிந்த அடையை உருக்கி வடித்த மெழுகு.

"இதையும் வச்சுக்க, தம்பி. நூலுக்குத் தடவலாம், கதவுக் கீலுக்குத் தடவலாம். எங்க பாட்டன் துப்பாக்கிக்குத் தடவுவாரு."

"துப்பாக்கிக்கு எதற்குப் பெரியவரே மெழுகு?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். படித்தவன் என்று நினைத்தோமே, இதுகூடத் தெரியவில்லையே என்கிற பார்வை.

"ஈயம் உள்ளே ஒட்டிக்கும்ல? ஒட்டினா அடுத்த குண்டு நேராப் போவாது. மெழுகும் எண்ணெயும் போட்டா ஒட்டாது."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த ஆளுக்குத் தேன் அளக்கப் போய்விட்டார். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் அடங்கியிருக்கிறது. அவருடைய பாட்டனுக்குத் தெரிந்திருந்த இந்தச் சின்ன விஷயத்தைக் கும்பினித் துரைமார்கள் தக்க சமயத்தில் தெரிந்துகொண்டிருந்தால், அல்லது தெரிந்தவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டிருந்தால், 1857ஆம் ஆண்டு வேறு மாதிரியாகக் கழிந்திருக்கக் கூடும். வீடு திரும்புகிறவரையில் இதே யோசனைதான் எனக்கு. வாசகர்களும் என்னோடு சற்று நேரம் யோசித்துப் பார்க்கலாம்.

முதலில் ஈயத்தின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். காரீயம் உலோகங்களுக்குள்ளே பரம சாது. நகத்தால் கீறினால் கோடு விழும். 327 டிகிரி சூட்டில் உருகிவிடும். அடுப்பங்கரை நெருப்பே போதும். கையகல அச்சு ஒன்று இருந்தால் யாரும் குண்டு வார்த்துவிடலாம். கனமும் அதிகம். இத்தனை சௌகரியங்கள் இருப்பதால்தான் துப்பாக்கி தோன்றிய காலம் முதல் ஈயத்தையே குண்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் மென்மையே அதற்கு வினை. குண்டு இரும்புக் குழலுக்குள் உரசிக்கொண்டு பாயும்போது, ஈயம் சிறிது சிறிதாகத் தேய்ந்து குழலின் உட்சுவரில் பூச்சுப்போல் ஒட்டிக்கொள்ளும். அது மட்டுமல்ல. குண்டுக்கும் குழலுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும், பின்னால் எரியும் வெடிமருந்தின் கொதிக்கும் ஆவி அந்த வழியாகப் பீறிட்டு, குண்டின் விளிம்பை அரித்து உருக்கி, முன்னால் குழலில் தெளித்துவிடும். இப்படி நாலைந்து சூடு, பத்துச் சூடு ஆனபின் குழலுக்குள் ஈயம் திட்டுத் திட்டாகப் படிந்துவிடும். பிறகு குறி தவறும்; குண்டு இறங்க மறுக்கும்.

பழைய கறுப்பு மருந்தோ இன்னொரு தொல்லை. அது எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் புகையும் கரியுமாகத் திடப் பொருளாகவே மிஞ்சும். கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பின் புகைக்கூண்டைப் போல ஆகிவிடும் துப்பாக்கிக் குழல். ஈயமும் கரியும் சேர்ந்து பிடித்தால் சிப்பாயின் பாடு திண்டாட்டம்தான்.

பழைய காலத்துப் படைகள் இந்தத் தொல்லைக்கு ஒரு சோம்பேறி வைத்தியம் கண்டுபிடித்திருந்தன. குழலின் வாயைவிடக் குண்டைச் சிறிதாக வார்த்துவிடுவது! 'பிரௌன் பெஸ்' என்று செல்லப் பெயர் பெற்ற ஆங்கிலேயரின் துப்பாக்கியில் குழலின் விட்டம் முக்கால் அங்குலம்; குண்டின் விட்டம் ஏறக்குறைய 0.69 அங்குலம். எத்தனை கரி பிடித்தாலும் குண்டு கடகடவென்று உள்ளே இறங்கிவிடும். வெளியே வரும்போதும் அப்படியே கடகடவென்று வரும். எங்கே போகும் என்பது அதற்கே தெரியாது. நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கிறவன் பெரும்பாலும் தன் விதிப்படிதான் வாழ்ந்தான் அல்லது செத்தான். 1751ல் கிளைவ் ஆரணியில் நடத்திய சண்டையும், 1767ல் ஹைதர் அலியும் கும்பினியும் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் மோதிக்கொண்ட சண்டைகளும் இத்தகைய வழவழப்பான குழல்களைக் கொண்டு நடந்தவைதான். போளூரைச் சுற்றியுள்ள இந்தப் பூமி எத்தனை ஈயத்தை விழுங்கியிருக்கிறதோ!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை மாறிற்று. குழலின் உட்புறத்தில் திருகுப்போல் பள்ளங்கள் வெட்டி, குண்டைப் பம்பரம்போல் சுழலச் செய்தால் அது நேராக வெகு தூரம் போகும் என்பது வேட்டைக்காரர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதுதான் ரைபிள். ஆனால் பள்ளத்தைப் பற்றிக்கொள்ளும்படி இறுக்கமாக இருக்கும் குண்டை வாய் வழியாக இடித்து இறக்குவதற்குள் எதிரி வந்து கை குலுக்கிவிடுவான். 1849ல் பிரெஞ்சு ராணுவத்து மினியே என்பவர் இதற்கு வழி கண்டார். குண்டைச் சற்றுச் சிறிதாகவே செய்து, அதன் அடிப்பகுதியைக் குடைந்துவிட்டார். மருந்து வெடித்ததும் அந்த வேகத்தில் குண்டின் அடி விரிந்து பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். உள்ளே போகும்போது மெலிந்தது, வெளியே வரும்போது பருத்தது!

இந்த யுக்தியைக் கொண்டு ஆங்கிலேயர் 1853ல் என்ஃபீல்டு துப்பாக்கியைச் செய்தார்கள். குழலின் விட்டம் 0.577 அங்குலம், குண்டு 0.568. முன்னே முக்கால் அங்குலக் குழலில் ஆறு பங்கு இருந்த இடைவெளி இப்போது ஒரு பங்குக்கும் குறைந்துவிட்டது. சோம்பேறி வைத்தியம் இனிப் பலிக்காது. ஈயத்தையும் கரியையும் ஒட்டவிடாமல் செய்ய உண்மையான மருந்து வேண்டும்.

அந்த மருந்துதான் காகிதமும் கொழுப்பும். மருந்தையும் குண்டையும் ஒரு காகிதக் குழாயில் சேர்த்துச் சுருட்டினார்கள். அதன் பெயர் தோட்டா. குண்டு இருக்கும் நுனியைக் கொழுப்பில் தோய்த்து எடுத்தார்கள். சிப்பாய் மறு நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, கொழுப்புக் காகிதம் சுற்றிய குண்டைத் திருப்பி உள்ளே வைத்து, எஞ்சிய காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டுக் கோலால் இடிக்க வேண்டும். காகிதம் ஈயத்தை இரும்பில் தொடவிடாது. கொழுப்பு கரியை இளக்கி வழுக்கிவிடும். யந்திர சாஸ்திரத்தின்படி இதில் ஒரு பிழையும் இல்லை.

பிழை வேறிடத்தில் இருந்தது. அந்தக் கொழுப்பு எந்த மிருகத்தின் கொழுப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. தோட்டாவைக் கடிக்கப் போகிறவன் யார் என்றும் கேட்கவில்லை.

கேட்கத் தெரியாதவர்கள் என்று சொல்ல முடியாது. ஏற்கனவே ஒரு முறை அடிபட்டவர்கள்தான். போளூரில் ரயில் ஏறினால் ஆரணி ரோடு, கண்ணமங்கலம் என்று சில ஸ்டேஷன்களைத் தாண்டினால் வேலூர். அங்கே கோட்டைக்குள் 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி விடிவதற்கு முன் நடந்ததை நம் பக்கத்துப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள். சென்னைப் படையின் தலைமைத் தளபதி கிரடாக் துரை சிப்பாய்களுக்குப் புது வேஷம் கட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். நெற்றிக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். அது எந்த மிருகத்தின் தோல் என்று சிப்பாய்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. பிறகு கோட்டைக்குள் வெள்ளைப் பட்டாளத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு விரைந்து வந்தபின் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். புது உடை விதிகள் ரத்தாயின. கிரடாக்கும், கவர்னர் பென்டிங்க் பிரபுவும் சீமைக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

இவ்வளவும் ஒரு தலைப்பாகையால் மட்டும் நடந்ததல்ல; திப்புவின் மக்கள் அதே கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்ததும், சம்பளக் குறைகளும் இதில் சேர்ந்திருந்தன. ஆனாலும் ஒரு பாடம் தெளிவாக எழுதி வைக்கப்பட்டது. சிப்பாயின் உடம்பைத் தொடும் பொருள் எதுவானாலும் அது எதனால் செய்யப்பட்டது என்று விசாரித்துவிட்டுக் கொடு என்பதே அந்தப் பாடம். தலையில் வைக்கும் தோலுக்கே இந்தப் பாடு என்றால், வாயில் வைக்கும் கொழுப்புக்கு என்ன பாடு!

என்ஃபீல்டு தோட்டாக்கள் முதன்முதலாக 1853ல் இந்தியாவுக்கு வந்தன. சுடுவதற்காக அல்ல; இந்த நாட்டு வெயிலில் கொழுப்பு எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பதற்காக. சிப்பாய்களே அவற்றைப் பைகளில் சுமந்து திரிந்தார்கள். அப்போது வங்காளப் படையின் அட்ஜுடண்ட் ஜெனரலாக இருந்த கர்னல் டக்கர், ஜாதி ஆசாரத்துக்கு விரோதமில்லாத கொழுப்பு என்பது நிச்சயமாகத் தெரியாதவரையில் இவற்றைச் சிப்பாய்களிடம் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்து எழுதினார். அந்தக் கடிதம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தும், செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை. கச்சேரிகளில் காகிதங்களுக்கு ஏற்படும் கதி எந்த ராஜ்யத்திலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

1857 ஜனவரியில், கல்கத்தாவை அடுத்த டம்டம் தோட்டாச் சாலையில் வேலை செய்த கலாசி ஒருவன், ஒரு பிராமணச் சிப்பாயிடம் குடிக்கத் தண்ணீர்ச் செம்பைக் கேட்டான். தீட்டு என்று சிப்பாய் மறுத்தான். "பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கப் போகிற உனக்கு இனி ஜாதி ஏது?" என்ற கருத்தில் கலாசி பதில் சொன்னான். இந்தச் சேதி பாளையங்களுக்குள் பரவிற்று. பசு ஒருவனுக்கு ஆகாது, பன்றி மற்றவனுக்கு ஆகாது. ஹிந்துவையும் முஸ்லிமையும் ஒரே தோட்டாவால் ஒன்று சேர்த்த கெட்டிக்காரத்தனம் உலக சரித்திரத்தில் வேறு யாருக்கும் வாய்த்ததில்லை.

இங்கேதான் என் மலைக்காரப் பெரியவரின் பாட்டன் வருகிறார். பாரக்பூரில் தளபதியாக இருந்த ஹியர்ஸி என்பவர், சிப்பாய்கள் தங்களுக்குச் சம்மதமான பொருளைக் கடைத்தெருவில் வாங்கித் தாங்களே தடவிக்கொள்ளட்டும் என்று யோசனை சொன்னார். ஜனவரி மாதக் கடைசியிலேயே சர்க்கார் அதை ஒப்புக்கொண்டது. சம்மதமான பொருள் என்ன? தேன்மெழுகும் எண்ணெயும்! கடிப்பதற்குப் பதில் கையால் கிழித்தால் போதும் என்று பிறகு கவாத்து முறையையும் மாற்றினார்கள்.

ஆனால் சந்தேகம் என்பது குழலில் ஒட்டிய ஈயம் மாதிரி. முதலில் ஒட்டவிடாமல் தடுப்பது சுலபம். ஒட்டியபின் சுரண்டுவது கஷ்டம். கொழுப்பை நீக்கியதும், "காகிதம் பளபளக்கிறதே, அதில் என்ன தடவியிருக்கிறார்கள்?" என்று சிப்பாய்கள் கேட்டார்கள். பிப்ரவரியில் நடந்த விசாரணையிலேயே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. மார்ச் 29ஆம் தேதி பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினான். ஏப்ரல் 8ஆம் தேதி தூக்கிலிடப்பட்டான். மீரட்டில் ஏப்ரல் 24ஆம் தேதி குதிரைப் படை வீரர் 90 பேரை நிறுத்தித் தோட்டா கொடுத்தபோது 85 பேர் வாங்க மறுத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று கொடுக்கப்பட்டவை புதிய என்ஃபீல்டு தோட்டாக்களே அல்ல. அவர்கள் வழக்கமாக உபயோகித்து வந்த பழைய வகை. மே 9ஆம் தேதி அந்த 85 பேருக்கும் பட்டாளத்தின் முன்னிலையில் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மாலை மீரட் பற்றி எரிந்தது.

கொழுப்பு மட்டுமே புரட்சிக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. 1856ல் அயோத்தி ராஜ்யத்தை விழுங்கியது, கடல் கடந்து போகவும் சம்மதிக்க வேண்டும் என்று புதுச் சிப்பாய்களுக்குச் சட்டம் போட்டது, நிலத்தையும் பட்டங்களையும் பறித்தது என்று மருந்து ஏராளமாகக் குவிந்து கிடந்தது. கொழுப்பு அதில் விழுந்த பொறி.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அதே 1857 கோடையில், என்ஃபீல்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போன வெள்ளைச் சிப்பாய்களுக்கே அந்தக் கொழுப்பு துரோகம் செய்தது. வட இந்திய வெயிலில் மிருகக் கொழுப்பு உருகிக் காகிதத்தில் ஊறி வழிந்து போயிற்று. வழுக்கும் பொருள் இல்லாமல் கரியும் ஈயமும் குழலைப் பிடித்துக்கொண்டன. குண்டு இறங்காமல் சிப்பாய்கள் திண்டாடினார்கள். சண்டை ஓய்ந்தபின் துரைமார்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். குண்டின் விட்டத்தை 0.55 அங்குலமாகக் குறைத்தார்கள். தடவும் பொருளை மாற்றினார்கள். எதற்கு மாற்றினார்கள் என்கிறீர்கள்? தேன்மெழுகுக்கு!

மிருகக் கொழுப்பு 40, 50 டிகிரிச் சூட்டிலேயே இளகி ஓடும். தேன்மெழுகு 60 டிகிரிக்கு மேல்தான் உருகும். வெயில் நாட்டுக்கு ஏற்றது மெழுகுதான் என்பது எந்தத் தேன்காரனுக்கும் தெரிந்த விஷயம். சிப்பாயின் மனசாட்சிக்குச் சம்மதமாக இருந்த அதே பொருள்தான் துப்பாக்கிக்கும் நல்லதாக இருந்தது. 1853ல் யாராவது ஒரு துரை, ஒரு சுபேதாரைக் கூப்பிட்டு, "இதற்கு என்ன தடவலாம், சொல்லப்பா" என்று கேட்டிருந்தால், ஆசாரமும் பிழைத்திருக்கும், துப்பாக்கியும் பிழைத்திருக்கும். கேட்பது கௌரவக் குறைவு என்று நினைத்தார்களோ என்னவோ!

அதன்பின் மெழுகு தன் ஸ்தானத்தை விடவில்லை. 1871ல் வந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் தோட்டாவில் காகிதம் சுற்றிய குண்டுக்குக் கீழே தேன்மெழுகு வில்லை ஒன்றை வைத்தார்கள். ஈயத்தில் சிறிது வெள்ளீயம் கலந்து குண்டைக் கடினமாக்கினார்கள். 1888க்குப் பிறகு துப்பாக்கியின் வேகம் மிகவும் அதிகமாகிவிட்டதால், ஈயத்துக்கு மேல் வேறு உலோகத்தால் சட்டை போட வேண்டியதாயிற்று. அந்தச் சட்டையின் மூக்கைத் திறந்துவிட்டுக் கொடிய காயம் உண்டாக்கும் குண்டைச் செய்ததும் அதே டம்டம் சாலைதான். 1899ல் ஹேக் மகாநாட்டில் அத்தகைய குண்டை விலக்கினார்கள். இரண்டு முறை உலகத்தின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொண்ட ஊர் அது.

கைத்துப்பாக்கியில் மட்டும் ஈயக் குண்டு நெடுநாள் நிலைத்தது. ஏனென்றால் அதன் வேகம் குறைவு. 1935ல் அமெரிக்காவில் 'மாக்னம்' என்ற அதிவேக ரிவால்வர் தோட்டா வந்தபோது பழைய வியாதி திரும்பி வந்தது. குழலில் ஈயம் படிகிறது என்ற புகார் எங்கும் கிளம்பிற்று. அந்நாட்டில் சொந்தமாகக் குண்டு வார்த்துத் தோட்டா நிரப்புவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பலர் உண்டு. குண்டைக் கடினமாக்கினால் தீர்ந்துவிடும் என்று முதலில் பலர் நினைத்தார்கள். தீரவில்லை. குழலுக்குப் பொருந்தாத குண்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும் ஆவி பக்கவாட்டில் பீறி அரித்துவிடும் என்று அனுபவத்தில் கண்டார்கள். குண்டு குழலைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பெரிதாக இருக்க வேண்டும். குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும். வேகம் அதிகமானால் குண்டின் அடியில் சிறு செப்புக் கிண்ணம் பொருத்த வேண்டும். குண்டின் இடுப்பிலுள்ள பள்ளத்தில் நல்ல மசகு நிரப்ப வேண்டும். இவைதான் அவர்கள் கண்ட முடிவு. அவர்களிடையே பேர் போன மசகு ஒன்றில் சரிபாதி தேன்மெழுகு!

குண்டைக் கடினமாக்க அவர்கள் தேடிப் போன உலோகம் எது என்று தெரிந்தபோது, எழுத்தை நம்பிப் பிழைக்கும் எனக்குச் சுருக்கென்றது. அது பழைய அச்சு எழுத்தின் ஈயம். லைனோடைப் யந்திர எழுத்தில் நூற்றுக்கு 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். நான் சிறுவனாக இருந்தபோது கடைத்தெரு அச்சுக்கூடத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோப்பவரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஈய எழுத்துக்கள் இப்போது நம் ஊர்களில் மறைந்துவிட்டன. வார்த்தையாக இருந்த உலோகம் சில இடங்களில் குண்டாக மறுபிறவி எடுத்தது. ஈயத்துக்கு இதில் விருப்பு வெறுப்பு இல்லை. அச்சில் எதை வெட்டி வைக்கிறோமோ அதுவாக ஆகிவிடுகிறது.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ செய்வது குற்றம். ஈயப் புகையும் தூசியும் உடம்புக்கு விஷம் என்பதையும் இன்று அறிவோம். ஆகையால் இதைப் படித்துவிட்டு யாரும் அடுப்பில் ஈயச் சட்டியை ஏற்றிவிட வேண்டாம். எனக்குத் துப்பாக்கி பிடிக்கவும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

ஆனால் அந்த மஞ்சள் கட்டி என் மேஜைமேல் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது சில சமயம் அதை எடுத்து முகர்ந்து பார்ப்பதுண்டு. காட்டுப் பூ வாசனை இன்னும் போகவில்லை. மீரட்டில் விலங்கு பூண்ட 85 பேரை நினைத்துக்கொள்கிறேன். வேலூர்க் கோட்டைக்குள் விழுந்து கிடந்தவர்களை, வெள்ளையர், கறுப்பர் எல்லாரையும் நினைத்துக்கொள்கிறேன். கடைத்தெருவில் சில காசுக்குக் கிடைத்திருக்கக் கூடிய பொருள் இது. அடுத்த முறை போளூர் போகும்போது அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்து, அவர் பாட்டன் மெழுகோடு என்ன எண்ணெய் சேர்த்தார் என்று கேட்க வேண்டும். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், எனக்கும் தோன்றவில்லை.